வாய் முந்தி சத்தம் பிந்தி

இது நடந்ததா நடக்கலையா என்று கேட்கிறவர்கள் புங்கடியூர் மினி பஸ்ஸில் ஏறாதவர்களாகத்தான் இருக்கவேண்டும். ஏறியவர்கள் கேட்கமாட்டார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் சுடலைக்கண்ணுவுக்கு முதலில் வாய் அசையும். பிறகு ஒரு வெற்றிலையை நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, முதல் எச்சிலைத் துப்புகிற நேரம் கழிந்துதான் சத்தம் வரும். ஊருக்குத் தெற்கே குளம் இருக்கிறது, குளத்தில் தண்ணீர் இல்லை என்பதைப் போல இதுவும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

முதலில் கண்டது அவன் பெண்டாட்டி மாரிக்கனிதான். ஒரு காலையில் அவள் அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சுடலைக்கண்ணு வாசல்படியில் நின்று வாயைத் திறந்தான், கையை ஆட்டினான், வாயை மூடினான், தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். இன்றைக்கு என்ன ஊமைக்கூத்து என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆளில்லாத வாசல்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, சட்டைக்குப் பட்டன் தையின்னு எத்தன வாட்டி சொல்ல? காதைக் கொண்டாந்தியா, இல்ல அதையும் உங்கப்பன் வீட்லயே கழத்தி வச்சிட்டு வந்திட்டியா?"

மாரிக்கனி பழக்கதோஷத்தில், "பட்டனை அறுத்துக்கிட்டு வாரது நீரு, குத்தம் என் காதுக்கா" என்று பதில் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எதிரில் யாருமில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் ஒரு சண்டையில் கடைசிப் பேச்சு தன்னுடையதாக இருந்தது அன்றைக்குத்தான் என்பது அவளுக்கு உறைத்தது. பேய்க்கும் பயப்படவில்லை, பிசாசுக்கும் பயப்படவில்லை. இன்னும் ஒரு கை தேங்காயைக் கூடத் துருவிப் போட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பக்கீர் பாய்தான் இதற்குப் பேர் சொன்னார். "இது லேக்கும்மா. நெட்டு சரியில்லாத எடத்துல கேம் வெளையாடுனா, நீ சுட்டது ஒரு நேரம், குண்டு போறது ஒரு நேரம்னு வரும்லா, அது. போன்ல வரவேண்டியது உன் வீட்டுக்காரருக்கு வந்திருக்கு." சுடலைக்கண்ணு நாற்பது வயதில் துப்பாக்கி விளையாட்டுப் பித்துப் பிடித்தவன். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் பஸ்ஸின் பின் சீட்டில் படுத்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, "பின்னால ஆளு, பின்னால ஆளு, சுடுவே" என்று கண்காணாத தேசத்துக் கூட்டாளிகளுக்குச் சத்தம் கொடுப்பான். ஊரைச் சுற்றி மூணு பக்கமும் மலை. டவர் கழுதைப்புலி மாதிரி, எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. "வாய்ஸ் லேட்டு, வாய்ஸ் லேட்டு" என்று கூட்டாளிகள் வைதுகொண்டே இருந்தார்கள். வைதது பலித்துவிட்டது என்றது ஊர். அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் நேரமில்லை.

ஏனென்றால், வந்ததை என்ன செய்வது என்பதல்லவா பெரிய வேலை. சுடலைக்கண்ணுவின் சத்தம் அவன் கூடவே போகாது; பேசின இடத்திலேயே தங்கி, நேரம் பார்த்து வெளியே வரும். அதனால் அவன் பஸ்ஸில் போட்ட சண்டையெல்லாம் பஸ் போன பிறகு ரோட்டோரத்தில் கேட்கத் தொடங்கியது. புளியமரத்தடியில் "சில்லறை இல்லைன்னா பஸ்ஸுல ஏன் ஏறுதிய, நடந்து வாரது" என்று வரும். நாலு மரம் தள்ளி, "ஆட்டுக்குட்டிக்கும் டிக்கெட்டு உண்டு, மடியில வச்சாலும் உண்டு" என்று வரும். அதற்கடுத்த வளைவில், "சரி சரி, அழாதிய, குட்டிக்கு வேண்டாம்" என்று இறங்கி வரும். ரோட்டோரத்துப் பொம்பளைகள் கீரை ஆய்வதையும் பீடி சுற்றுவதையும் பஸ் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். முதல் மரத்தில் கேட்டவள் அடுத்த மரத்துக்காரியிடம், "ஆட்டுக்குட்டி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். டிவி நாடகத்தை நிறுத்திவிட்டு வந்தவர்கள் உண்டு. அதில் எதிராளி பேசுவது கேட்காது. அதை அவரவர் இட்டுக்கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் ருசி என்றார்கள்.

வீட்டில் நடந்தது வேறு. சுடலைக்கண்ணுவுக்கு நாக்கு கொஞ்சம் சூடு. பேசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். தன் பேச்சைத் தானே கேட்டதில்லை. இப்போதோ பேசிவிட்டு நின்றான் என்றால், அந்தப் பேச்சு வருவதற்கு அவனும் சேர்ந்து காத்திருக்க வேண்டியிருந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பான். பிறகு அது வரும், அந்நியன் ஒருத்தன் வந்து தன் பெண்டாட்டியை வைகிற மாதிரி வரும். சுடலைக்கண்ணு தலையைக் குனிந்துகொள்வான். சில நாள் பேசி முடித்ததுமே முகம் மாறி, ஓடிப்போய் மிக்சியைப் போட்டுவிடுவான். காலி மிக்சி காட்டுக்கத்தல் கத்தும். "இன்னைக்கு ரொம்பக் கெட்ட வார்த்தையோ?" என்பாள் மாரிக்கனி. ஆமாம் என்று தலையை ஆட்டுவான். தலையாட்டலுக்கு லேக்கு இல்லை.

பக்கத்து வீடுகளுக்குப் பொறாமை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கும் அந்த கேமை ஏத்திக் குடுங்க பாய்" என்று ரெண்டு மூணு பேர் பக்கீர் பாய் கடைக்கு வந்தார்கள். "ஏத்துதேன். லேக்கு வரும்னு கியாரண்டி கிடையாது. ராசியுள்ளவங்களுக்குத்தான் வரும்" என்றார் அவர்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மினி பஸ் முதலாளி தவமணிக்குப் பொறுமை போய்விட்டது. கண்டக்டர் "ஊத்தடி எறங்கு" என்று வாயசைப்பான். ஜனம் அவன் வாயைப் பார்க்குமா, ஜன்னலைப் பார்க்குமா? பஸ் புறப்பட்டுப்போன பிறகு ஊத்தடி ஸ்டாப்பில் "ஊத்தடி எறங்கு, ஊத்தடி எறங்கு" என்று சத்தம் வர, அங்கே படுத்திருந்த நாய் எழுந்து இறங்குகிறவர்களைத் தேடும். கடைசியில் ஊத்தடிச் சடங்கு வீட்டுக்குப் போகவேண்டிய தாய்மாமன் கூட்டம் ஒன்று, அடுத்த ஸ்டாப்பான செவக்காட்டில் இறங்கி, பலாப்பழம், பட்டுப்பாவாடை, மேளம் சகிதமாகக் கருமாதி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மேளக்காரர்கள் வாசித்தும்விட்டார்கள். செத்தவர் நல்ல தமாஷ்காரர் என்பதால் அடிதடி ஆகவில்லை. ஆனால் தவமணி மாரிக்கனியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஆடி அமாவாசைக் கூட்டம் வருது தாயி. அதுக்குள்ள வாயைச் சரிபண்ணிக் கொண்டா. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்காத."

மாரிக்கனிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குக் கண்டக்டர் வேலை தவிர வேறு வேலை தெரியாது. அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த பஸ்ஸைவிட்டு இறக்கினால் மீனைக் கரையில் போட்ட மாதிரிதான். வாயை ரிப்பேர் பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு கட்டினாள்.

ரிப்பேர் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், செல்போன் வைத்திருக்கிற புங்கடியூர்க்காரர்கள் அத்தனைபேரும், அதாவது புங்கடியூர்க்காரர்கள் அத்தனைபேரும், ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் போட்டால் ஈரத்தை இழுத்துவிடும், எங்கள் மச்சினன் போன் அப்படித்தான் பிழைத்தது என்று ஒருவர் சொல்ல, சுடலைக்கண்ணுவை ரேஷன் அரிசிக் குதிருக்குள் கழுத்துவரை இறக்கி வைத்தார்கள். அவன் உள்ளே இருந்து வாயசைத்தான். தூக்கி வெளியே விட்ட பிறகு ஆளில்லாத குதிர், "வண்டு கடிக்கி, தூக்குங்கலே" என்றது. சார்ஜைச் சுத்தமாக இறங்கவிட்டுப் பிறகு ஏற்றவேண்டும் என்றார் ஒருவர். பட்டினி போட்டுப் பிறகு கறிச்சோறு போட்டார்கள். உள்ளே சேர்ந்த குப்பையை, அதாவது கேச்சை, கிளியர் பண்ணாமல் எதுவும் நடக்காது என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். அதற்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அன்று முழுக்க பஸ் ஓடவில்லை. "பேட்டரி கழத்துற போன் என்னைக்குப் போச்சோ அன்னைக்கே ஒலகம் போச்சு. கழத்தி, துடைச்சு, மாட்டினா எந்த வியாதியும் நிக்காது" என்றார் டிரைவர் ஐசக். "மனுசனுக்கு எங்கேண்ணே கழத்த?" என்று மாரிக்கனி கேட்டாள். "நாலு நாளு மாமியார் வீட்ல கொண்டு விடு, தானே கழண்டுரும்" என்றார். அதையும் செய்துபார்த்தார்கள். அவனுக்குக் குறையவில்லை, மாமியாருக்குத்தான் ரத்தக்கொதிப்பு கூடியது.

இத்தனை வைத்தியத்தில் லேக்கு நீண்டுபோனது. ஒரு வெற்றிலை நேரம் இருந்தது, பொறுமையாக உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிக்கிற நேரமாகிவிட்டது.

கடைசியில் பக்கீர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "பேக்டரி ரீசெட்டுதாம்மா. வேற வழியில்ல. கம்பெனியில செஞ்சு வெளிய வரும்போது எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும். ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கணும், நடுவுல விட்டுரக்கூடாது."

"மனுசனுக்கு ஏது பாய் ரெண்டு பட்டனு?"

"எங்கிட்ட கேக்கியே. பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையார் முன்னால உங்க ஆளுங்க ரெண்டு காதையும் புடிச்சுக்கிட்டு ஏறி எறங்குறது என்னன்னு நெனச்சே?" என்ற பாய், குரலைத் தணித்தார். "ஆனா ஒண்ணு தாயி. ரீசெட்டுன்னா உள்ள இருக்கது எல்லாம் அழியும். போட்டோ, நம்பரு, ஆளு, பேரு, எல்லாம். உன்னையும் தெரியாமப் போகலாம். வேணுங்கிறதை முன்னாலயே உன் ஞாவகத்துல பேக்கப் எடுத்துக்க, பொறவு நீதான் சொல்லிச் சொல்லி ஏத்தணும்."

மாரிக்கனி கடை வாசலில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வேலை போனால் அவன் இருப்பான், மீனாகத் துடிப்பான். வேலை இருந்தால் அவன் இருப்பான், தன்னைத் தெரியாதவனாக இருப்பான். வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். அவன் கையை விரித்து, 'நீ சொல்லு, செய்வோம்' என்று சாடை காட்டினான். அவள் சரி என்றாள். சரி என்றபோது அவளுக்கே லேக்கு வந்த மாதிரி இருந்தது. வாய் சொன்னதை நெஞ்சு பிறகுதான் கேட்டது.

பேக்கப் எடுக்கிற சேதி பரவியதும் மாரிக்கனி வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பாதிப்பேர் தங்களை மறக்கவிட்டுவிடாதே என்று சொல்ல வந்தார்கள். மீதிப்பேர் மறந்தால் தேவலை என்று வந்தார்கள். ஐசக் ஒரு சிப்பம் முறுக்கை வைத்துவிட்டு, "நான் பஸ்ஸை கியர்ல போடாம நிறுத்தி ஊருணிக்குள்ள விட்டதை மட்டும் ஏத்திராத தாயி, அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்" என்றார். இப்போது இவளுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் பட்டிருக்கும். டீக்கடை சங்கரம்மாள், "எங்கடைப் பாலைப் பத்தி உம்புருசன் ஏதாவது வச்சிருந்தான்னா விட்டுரு மதினி" என்று பிரியமாகச் சொன்னாள். மாரிக்கனி எல்லாருக்கும் தலையாட்டினாள். இந்த ஊரில் யார் எப்படி இருந்தார்கள் என்பதே தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தபோது, சொல்லப்போனால், அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஆனால் அவர்கள் போன பிறகு தனியே உட்கார்ந்து தன்னுடையதை எடுத்தாள். கெட்டதையெல்லாம் விட்டுவிடலாம், சுளுவான வேலை. நல்லதும் இருந்ததே. கல்யாணத்துக்கு முன்னால், இதே பஸ்ஸில் பீடிக் கடைக்குப் போய்வந்த பருவத்தில் ஒருநாள், இலைக்கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு அவள் திரும்பி ஓட, புதுக் கண்டக்டர் ஒருவன் டயரைப் பார்க்கிறேன் என்று கீழே இறங்கி, ஒரு குறையும் இல்லாத டயரைச் சுற்றிச் சுற்றி வந்தான், அவள் திரும்பி வந்து ஏறுகிற வரைக்கும். அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ரெண்டுபேரும் வைத்திருந்தால்தான் அது நடந்தது. ஒருத்தர் மட்டும் வைத்திருந்தால் கனாக் கண்டது மாதிரிதானே. அதை எப்படிப் பேக்கப் எடுப்பது? 'நீங்க எனக்காக டயரைப் பாத்திய' என்று போய்ச் சொல்லவா முடியும்?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் முன்னால் ஊரே நின்றது. சுடலைக்கண்ணு குளித்துத் துண்டை இடுப்பில் கட்டி வந்தான். குறுக்காகக் கையை வைத்து ரெண்டு காதையும் பிடித்தான். பிடித்தவன் குனியாமல், திரும்பி மாரிக்கனியைப் பார்த்தான். வாய் அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. என்ன சொல்கிறான் என்று யாருக்கும் புரியவில்லை. "பேச்சை நிறுத்து வே, பட்டனை விட்டுராத" என்று ஐசக் அதட்டினார். அவன் திரும்பிக்கொண்டு ஏறி இறங்கத் தொடங்கினான். ஏறினான், இறங்கினான், ஏறினான், இறங்கினான், வேர்வை மண்ணில் சொட்டச் சொட்ட, காது சிவக்கச் சிவக்க, எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு எண்ணிக்கை தப்பிப்போகிற மட்டும் ஏறி இறங்கி, அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தான். "தண்ணியக் குடிக்கக் குடுங்க, மூஞ்சியில ஊத்தினா ஆச்சா" என்றான். வாயும் சத்தமும் ஒன்றாக வந்தன. கூட்டத்தில் ஒரு முனகல் பரவியது. பிறகு அவன் சுற்றிலும் பார்த்து, மாரிக்கனியிடம் கண்ணை நிறுத்தினான். "இந்தம்மா யாரு?"

"ஒம்ம பொண்டாட்டி வே" என்றார் ஐசக்.

"அப்படியா" என்றான். "லட்சணமாத்தான் இருக்காக."

எல்லாரும் சிரித்தார்கள். மாரிக்கனி, தான் கொண்டுவந்திருந்த அவன் தோல்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். "வாரும், டீ குடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா சொல்லித் தாரேன்" என்று ஐசக் அவன் தோளில் கை போட்டு சங்கரம்மாள் கடைக்கு அழைத்துப்போக, கூட்டமும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனது. அவள் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையார் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பக்கீர் பாய் ஏதோ ஒரு போனின் முதுகைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது, அவன் காதைப் பிடித்து நின்ற வெற்றிடத்திலிருந்து, சத்தம் வந்தது.

"ஏட்டி மாரிக்கனி. மறந்துபோச்சுன்னா போகட்டும். மறக்காட்டியும் நான் மறந்தவனாத்தான் நிப்பேன், பாத்துக்க. நான் பேசுன பேச்சை இந்தக் கொஞ்ச நாளா நானே நின்னு கேட்டேன். என்னால கேக்க முடியல. நீ எப்படிட்டி இத்தன வருசம் கேட்டே? மன்னிப்புக் கேக்க ஒரு வாய் வேணும், அது எனக்கு வராது. அதனால, இனிமே நான் எப்படிப்பட்டவன்னு நீ என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லுதேன். அப்படியே இருந்துக்கிடுதேன். எனக்கு வேற வழி தெரியல."

சத்தம் நின்றது. மாரிக்கனி வெற்றிடத்தைப் பார்த்தபடி இருந்தாள். மறந்தானா, மறக்கவில்லையா? சத்தத்தில் அதற்குப் பதில் இல்லை. பக்கீர் பாய் இன்னும் பலமாக ஊதினார்.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா" என்றார், தலையைத் தூக்காமல். "ஸ்பீக்கர்ல தூசி."

"கேக்காததை வெளிய சொல்லிராதிய பாய்" என்றாள். எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்து, உதறிச் செருகிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தாள். நடையில் ஒரு தினுசு வந்திருந்தது.

சுடலைக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிரில் இருந்தவர்கள் எழுந்து அவளுக்கு இடம் விட்டார்கள். பேக்கப் அவளிடம்தானே இருக்கிறது.

"ஒங்களுக்கு" என்று ஆரம்பித்தாள் மாரிக்கனி, "பாகக்காய்ன்னா உசுரு."

பாகற்காய் வாடை அடித்தால் தெருவையே மாற்றி நடக்கிறவன் அவன். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. "ஆமா" என்றான். "நாக்குல லேசா ஞாவகம் தட்டுது."

"ஞாயித்துக்கெழம நீங்கதான் சமையல். என்னைய அடுப்படிப் பக்கம் விடமாட்டிய."

"விடமாட்டேன்."

"எங்க அம்மா வந்தா பஸ் ஸ்டாண்டுக்கே போயி நின்னு, பையை வாங்கிக்கிட்டு, அத்தை அத்தைன்னு பின்னாலயே வருவிய."

ஐசக் திடுக்கிட்டு, "எப்ப வே..." என்று வாயைத் திறந்தார். சங்கரம்மாள் ஒரு பன்னை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தாள். சுடலைக்கண்ணு பெண்டாட்டியை ஏறிட்டுப் பார்த்தான். அவள் கண்ணில் இருந்த கிண்டலைப் பார்த்தான், அதன் அடியில் இருந்த ஈரத்தையும் பார்த்தான். தன் சத்தம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரியாமலும் இருந்திருக்கும். மீசை ஒரு பக்கமாக நெளிந்தது.

"வருவேன்" என்றான்.

நேரமாகிவிட்டது என்று ஐசக் பன்னை மென்றபடியே போய் வண்டியைக் கிளப்பினார். சுடலைக்கண்ணு மாரிக்கனியிடமிருந்து தோல்பையை வாங்கித் தோளில் மாட்டினான், பின்படியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து உடம்பை வெளியே சாய்த்து, "ஊத்தடி, செவக்காடு, கருக்கமடை, மடத்துவிலக்கு, வேப்பங்கொளம், மார்க்கெட்டு, மார்க்கெட்டு, மார்க்கெட்டேய்" என்று ஒரு ஸ்டாப் விடாமல், ஒரு வரிசை பிசகாமல், ஒரே மூச்சில் இழுத்துவிட்டான். எல்லாவற்றையும் மறந்துபோன மனுசனுக்கு இத்தனை பேர் எப்படி நாவில் நின்றது என்று புங்கடியூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டதோடு சரி. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, முட்டிமோதி பஸ்ஸில் ஏறினார்கள்.

மாரிக்கனி முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிக்கெட் கிழித்துக்கொண்டே அவன் அவள் பக்கம் வந்து நின்றான்.

"எங்க போவணும்மா?"

"மார்க்கெட்டுக்கு" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி. "பாகக்காய் வாங்கணும். எறங்கும்போது மறந்துட்டா ஞாவகப்படுத்துங்க."

"ஞாவகப்படுத்துதேன்" என்றான் சுடலைக்கண்ணு, உடனுக்குடனே.